மூட்டு மாற்றிய அம்மா படுக்கையை விட்டு எழப் பயப்படுகிறார்

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. மூட்டுத் தேய்மானத்தால் வலது இடுப்பு மூட்டை மாற்றி இன்றோடு 16 நாள் ஆகிறது. பின்பக்கமாகத் திறந்து செய்ததாக டாக்டர் சொன்னார். நான்காம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாத்ரூம் போக மட்டும் வாக்கரைப் பிடித்து எழுகிறார். மற்ற நேரமெல்லாம் படுக்கைதான். நடந்தால் மூட்டு கழன்றுவிடும் என்று பயப்படுகிறார். கால் வீங்கியிருக்கிறது, தொடையின் பின்பக்கம் முழங்கால் வரை கருநீலமாக இருக்கிறது. நீவிவிட்டால் வடிந்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். இரவில் தூக்கமில்லை. வலது கால் நீளமாகிவிட்டது என்றும் சொல்கிறார். எல்லாவற்றையும் நானே கையில் கொண்டு கொடுக்கிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அம்மாவை எப்போது தனியாக விடலாம்?

பதில்: வீக்கத்தை முதலில் பேசிவிடுவோம். உங்கள் கேள்விகளில் நாளைக்குத் தள்ளிப்போட முடியாதது அது ஒன்றுதான்.

அறுவை சிகிச்சை செய்த கால் வீங்குவது இயல்பு. பல வாரம் இருக்கும், சிலருக்கு மூன்று மாதம் வரைக்கும் போகும். காலையில் எழும்போது குறைந்திருந்து, உட்கார்ந்து நடமாடிய பிறகு மாலையில் ஏறினால் கவலை வேண்டாம். கருநீலமும் அப்படித்தான். மூட்டைச் சுற்றிக் கசிந்த ரத்தம் தோலுக்கு அடியில் கீழ்நோக்கி இறங்குகிறது. முழங்காலைத் தாண்டிக் கணுக்கால் வரைக்கும்கூட வரும். பச்சையாகி, மஞ்சளாகி, தானாக மறையும். பார்க்கத்தான் பயங்கரமாக இருக்கும்.

நீங்கள் தினமும் கவனிக்க வேண்டியது வேறு மாதிரியான வீக்கம். இரவு முழுக்கக் காலை உயர்த்தி வைத்திருந்தும் வடியாதது, நேற்றுவரை இல்லாமல் இன்று திடீரென்று கூடியது, கெண்டைக்கால் இறுகி, தொட்டால் வலித்து, சூடாகவோ சிவந்தோ இருப்பது. காலின் ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தால் இப்படி இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். அந்த உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டால் திடீரென மூச்சுத் திணறும், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலிக்கும், இருமினால் ரத்தம் வரலாம், மயக்கம் வரலாம். அந்த நேரத்தில் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

நீவிவிட வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். உறவினர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் கெண்டைக்காலுக்குள் கட்டி இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தால், அழுத்தி நீவுவது அதைக் கிளப்பிவிடலாம். வீக்கம் வடிய, அம்மா நேராகப் படுத்துக்கொண்டு, கால் முழுவதையும் தலையணைகளால் தாங்கி நெஞ்சைவிடச் சற்று உயரத்தில் வைக்கட்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பாதத்தைப் பத்துப் பதினைந்து முறை நன்றாக மேலும் கீழும் அசைக்கட்டும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறுகிறது. ஐஸ் வைப்பதென்றால் துணியில் சுற்றி 15 அல்லது 20 நிமிடம். நேராகத் தோலில் வேண்டாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ ஊசியோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு பொதுவாக நான்கைந்து வாரம், அதாவது 35 நாள் வரை கொடுப்பார்கள். தையல் ஆறிவிட்டதே, வீட்டுக்கு வந்துவிட்டோமே என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். சீட்டில் எழுதிய நாள்வரை கொடுங்கள். அதோடு, வீட்டில் இருக்கும் வேறு வலி மாத்திரையைச் சொந்தமாகச் சேர்க்காதீர்கள். சில வலி மாத்திரைகள் இந்த மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரக்கூடும். மலம் கறுப்பாகப் போனால் உடனே சொல்ல வேண்டும்.

சரி, இப்போது அந்தப் பயத்துக்கு வருகிறேன்.

நடந்தால் மூட்டு கழன்றுவிடும் என்று அம்மா நினைக்கிறார். நடப்பதால் கழலாது. தொடை எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டு இறங்கியிருக்கிறது. அதன் தலையில் உலோகத்திலோ செராமிக்கிலோ ஒரு பந்து. இடுப்பெலும்பின் குழிக்குள் ஒரு கிண்ணம். நேராக நிமிர்ந்து நடக்கும்போது உடல் எடை அந்தப் பந்தைக் கிண்ணத்துக்குள் இன்னும் அழுத்தித்தான் வைக்கிறது. முழு எடையும் போட்டு ஊன்றலாம் என்று பெரும்பாலானவர்களுக்கு முதல் நாளிலிருந்தே அனுமதி உண்டு. உங்கள் அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பாதி எடை மட்டும் என்று எழுதியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதன்படியே நடக்க வேண்டும்.

மூட்டு நழுவுவது சில குறிப்பிட்ட நிலைகளில்தான். பின்பக்கமாகத் திறந்து செய்யும்போது மூட்டைச் சுற்றியிருக்கும் உறையின் பின்பகுதியையும் சில சிறு தசைகளையும் வெட்டி, பிறகு தைத்துவிடுகிறார்கள். அந்த இடம் உறுதியாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை மூன்று காரியம் கூடாது. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. வலது காலை இடது காலின் பக்கம் குறுக்கே கொண்டு போகக் கூடாது. வலது முழங்காலையும் பாதத்தையும் உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. இந்த மூன்றும் ஒரே அசைவில் சேர்ந்தால்தான் ஆபத்து மிக அதிகம். முன்பக்கமாகத் திறந்து செய்தவர்களுக்கு விதிகள் வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னதை அம்மாவிடம் கொண்டுவராதீர்கள்.

விதியை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள்கூட எங்கே தவறுகிறார்கள் தெரியுமா? நடக்கும்போது இல்லை. படுக்கையில் உட்கார்ந்தபடியே கால்மாட்டில் கிடக்கும் போர்வையை எட்டி இழுக்கும்போது. கீழே விழுந்த கண்ணாடியை எடுக்கக் குனியும்போது. தாழ்வான சோபாவிலிருந்து முன்னால் சாய்ந்து எம்பும்போது. யாரோ பின்னாலிருந்து கூப்பிட, வலது பாதத்தைத் தரையில் ஊன்றியபடியே உடம்பை மட்டும் வலது பக்கம் திருப்பும்போது. இந்தக் கடைசி ஒன்றைப் பலரும் யோசிப்பதே இல்லை. பாதம் அசையாமல் உடம்பு திரும்பினால், மூட்டின் கணக்கில் அது கால் உள்பக்கம் திரும்பியதற்குச் சமம். அதனால் திரும்ப வேண்டுமென்றால் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து, உடம்பு மொத்தமும் சேர்ந்து திரும்ப வேண்டும்.

ஒருவேளை நழுவிவிட்டால் அதைச் சந்தேகப்படவே தேவையிருக்காது. திடீரென்று தாங்க முடியாத வலி, காலை ஊன்றவே முடியாது, கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பியிருக்கும். அப்போது இழுத்துப் பார்ப்பதோ எழுப்பி நிற்க வைப்பதோ கூடாது, எதுவும் குடிக்கக் கொடுக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் அம்மாவிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால், மற்றதற்கெல்லாம் பயப்படுவது குறையும். இப்போது அவருக்கு எல்லா அசைவும் ஒன்றுபோல ஆபத்தாகத் தெரிகிறது, அதனால்தான் படுக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் படுக்கையில் கிடக்கக் கிடக்கத் தசை வற்றும், காலில் ரத்தம் தேங்கும், நெஞ்சில் சளி கட்டும், மலச்சிக்கல் வரும். 1960களில் இந்த அறுவை சிகிச்சை பரவத் தொடங்கிய காலத்தில் நோயாளிகள் வாரக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தார்கள். இன்று அதே நாளோ மறுநாளோ எழுப்பி நிற்க வைக்கிறோம் என்றால், அது கட்டில் காலியாக வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை.

எவ்வளவு நடக்கலாம்? ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடப்பதைவிட, ஐந்து நிமிடமாக ஒரு நாளைக்கு ஆறேழு முறை நடப்பது இப்போதைக்கு நல்லது. வீட்டுக்குள்ளேயே போதும். வாக்கரை முன்னால் வைத்து, வலது காலை எடுத்து வைத்து, பிறகு இடது கால். வலது அடியும் இடது அடியும் ஒரே நீளமாக இருக்கட்டும், குதிகால் முதலில் தரையைத் தொடட்டும். பயத்தில் பலர் வலது காலை நீளமாக வைத்துவிட்டு இடது காலை வெறுமனே அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அதை இப்போதே திருத்தாவிட்டால் பல மாதம் கழித்தும் அந்த நொண்டல் தங்கிவிடும், அப்புறம் மாற்றுவது பெரும்பாடு.

அதிகமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள மறுநாள் காலையைப் பாருங்கள். நடக்கும்போது கொஞ்சம் வலிப்பதும், முடித்ததும் அது அடங்குவதும் சரிதான். மறுநாள் எழும்போது வலியும் வீக்கமும் முந்தைய நாளைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால் அன்றைக்குப் பாதியாகக் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். வலி மாத்திரையை நடக்கவிருக்கும் நேரத்துக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் வருகிற மாதிரி வைத்துக்கொண்டால் அம்மாவுக்குத் தைரியம் வரும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு மாத்திரையைத் தவிர்ப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. நடக்காமல் கிடப்பதுதான் மிச்சம்.

பயிற்சித் தாளில் பத்துப் பன்னிரண்டு படம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அத்தனையும் செய்தால் நல்லது. முடியவில்லை என்றால் நான் இரண்டை விடமாட்டேன். ஒன்று, படுத்தபடி புட்டத் தசைகளை இறுக்கி ஐந்து விநாடி பிடித்து விடுவது. இன்னொன்று, உறுதியான மேடையைப் பிடித்து நின்றுகொண்டு, உடம்பைச் சாய்க்காமல் வலது காலைப் பக்கவாட்டில் மெல்ல விலக்கித் திரும்பக் கொண்டுவருவது. இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் அந்தத் தசைதான் ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் இடுப்பெலும்பு ஒரு பக்கமாகச் சரியாமல் பிடித்து வைக்கிறது. அது பலவீனமாக இருக்கிறவரை நொண்டல் போகாது. படுத்துக்கொண்டு முழங்காலை நீட்டியபடி காலை அந்தரத்தில் தூக்குவதை மட்டும் உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்லாமல் செய்ய வேண்டாம். எளிதாகத் தெரிந்தாலும் அது புது மூட்டின் மேல் நிறைய அழுத்தம் கொடுக்கும்.

இனி உங்களைப் பற்றி. எல்லாவற்றையும் கையில் கொண்டு கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பு புரிகிறது, களைப்பும் அந்த வரியிலேயே தெரிகிறது. இதை நிறுத்துங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன். அம்மாவுக்கு எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும். நீங்கள் அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறீர்கள். தண்ணீரை அடுத்த அறையில் இடுப்பு உயர மேஜையில் வையுங்கள். சாப்பாட்டை மேஜையில் பரிமாறுங்கள், கட்டிலில் வேண்டாம். ‘நடங்க அம்மா’ என்று பத்து முறை சொல்வதைவிட, ‘வாங்க, சாப்பாடு போட்டாச்சு’ என்பது நன்றாக வேலை செய்யும். காலுறை, செருப்பு, பாதத்தைக் கழுவுவது, கீழே விழுந்ததை எடுப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. உடை மாற்றும்போது வலது காலை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியில் எடுத்தால் பெரும்பகுதியை அவரே செய்துகொள்வார்.

அவர் நடக்கும்போது வலது பக்கம், அரை அடி பின்னால் நில்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், வாக்கரையும் தொடாதீர்கள். பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற தெம்பு போதும்.

உட்காரும் இடத்தில் கொஞ்சம் வேலை இருக்கிறது. உறுதியான, கைப்பிடி உள்ள நாற்காலி, உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். எழும்போது விளிம்புக்கு நகர்ந்து, வலது காலை முன்னால் நீட்டி, கைப்பிடியை அழுத்தி எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது சாய்ந்துவிடும். கழிப்பறை இருக்கை தாழ்வாக இருந்தால் மேலே பொருத்தும் உயரக் கூடு ஒன்று கிடைக்கும், அதைக் கட்டாயம் வாங்குங்கள். தரையில் உட்காருவதும் குந்துவதும் இப்போது கிடையாது. பிறகு முடியுமா என்பதை சர்ஜன்தான் சொல்ல வேண்டும். மற்றபடி சுருளும் தரைவிரிப்பை எடுத்துவிடுங்கள், இரவில் கழிப்பறை வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

தூக்கமின்மை இந்தக் கட்டத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. மல்லாந்து மட்டுமே படுத்துப் பழக்கமில்லாதவர்களுக்கு அதுவே கொடுமை. இடது பக்கம் திரும்பிப் படுக்கலாம் என்று டாக்டர் அனுமதித்தால், இரண்டு கால்களுக்கும் நடுவில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தாங்கும் தடித்த தலையணை வைத்துத் திரும்பட்டும். முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணை வைத்து மடக்கியபடியே நாள் முழுக்கப் படுத்திருப்பது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இடுப்பு மடங்கியபடியே இறுகிப்போய், நிமிர்ந்து நடக்கச் சிரமமாகிவிடும். பகலில் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டால் இரவு தூக்கம் வராது என்பதையும் கணக்கில் எடுங்கள். பகல் நடை கூடினால் இது ஓரளவு தானே சரியாகும்.

கால் நீளமாகத் தெரிவது. வருடக்கணக்கில் மூட்டு தேய்ந்தபோது அந்தக் கால் உண்மையிலேயே கொஞ்சம் குட்டையாகியிருக்கும், சுற்றியுள்ள தசைகள் இறுகியிருக்கும், இடுப்பெலும்பும் ஒரு பக்கம் சாய்ந்து பழகியிருக்கும். இப்போது மூட்டைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தசைகள் இன்னும் பழைய கணக்கில் இருப்பதால் கால் நீண்டதுபோலத் தெரிகிறது. பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் இந்த உணர்வு போய்விடும். இப்போதே செருப்பில் உயரம் கூட்டாதீர்கள். இடுப்பு அந்தச் சாய்விலேயே நிலைத்துவிடும். நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயில் அளந்து சொல்வார்கள்.

எப்போது தனியாக விடலாம் என்பதற்குத் தேதி சொல்லமாட்டேன், பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். யார் உதவியும் இல்லாமல் கட்டிலில் ஏறி இறங்குகிறாரா? கழிப்பறைக்குப் போய் உட்கார்ந்து எழுந்து வருகிறாரா? மேஜைக்குப் போய்த் தானே எடுத்துச் சாப்பிடுகிறாரா? கூடாத மூன்றையும் கேட்டால் சொல்கிறாரா? போன் கழுத்திலோ சட்டைப் பையிலோ எப்போதும் இருக்கிறதா? இவை எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் விடலாம். நீங்கள் வேலைக்குப் போவதற்குள் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆகிவிடும், இன்றைக்கே நடையைத் தொடங்கினால் அதற்குள் இந்த நிலைக்கு வருவது நடக்கக்கூடியதுதான். அதற்கு முன்னால் ஒருநாள் ஒரு மணி நேரம், இன்னொரு நாள் அரை நாள் என்று வெளியே போய் வந்து பாருங்கள். முதல் சில வாரம் தனியாக இருக்கும்போது குளிக்க வேண்டாம், நீங்கள் வீட்டில் இருக்கும்போது குளிக்கட்டும்.

படியேற வேண்டியிருந்தால், ஏறும்போது இடது கால் முதலில். இறங்கும்போது வலது கால் முதலில். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறுவதில் அவசரம் வேண்டாம். வாக்கரோடு நொண்டாமல் நடக்கிறாரா என்று பார்த்துவிட்டு மாறட்டும். தடி இடது கையில் இருக்க வேண்டும். வலி இருக்கும் பக்கமே பிடிக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும், ஆனால் எதிர்ப்பக்கம் ஊன்றினால்தான் வலது இடுப்பின் சுமை நன்றாகக் குறையும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருந்தால் சரி.

தையல் பிரித்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. பொதுவாக 10 முதல் 14 நாளில் தையலோ ஸ்டேபிளோ எடுத்துவிடுவார்கள், தானே கரையும் தையல் என்றால் எடுக்க வேண்டியதில்லை. இன்னும் இருந்தால் நாளைக்கே மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள். காயத்திலிருந்து நீரோ சீழோ கசிந்தாலும், சிவப்பு பரவினாலும், காய்ச்சல் வந்தாலும், குறைந்துகொண்டு வந்த வலி மறுபடி ஏறினாலும் ஆபரேஷன் செய்த மருத்துவரையே முதலில் பாருங்கள். அதற்கு முன்னால் வேறு யாரிடமாவது ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். மூட்டுக்குள் கிருமி இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் பரிசோதனையில் அது தெரியாமல் மறைந்துவிடக்கூடும்.